வாத்தியாரம்மாவுக்கு வைத்த படையல்

என் ஓர்ப்படி ஜெகதாம்பாளுக்கு இடது பக்கம் கன்னமே கிடையாது என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். கன்னம் இருக்கிறது, உள்வாங்கி, கறுத்து, தொட்டால் செருப்புத்தோல் போலிருக்கும், அவ்வளவுதான். மெட்ராஸில் ரேடியம் வைத்த இடம் அது. அவள் நாக்கில் ஒரு கிறிஸ்தவப் பேய் உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள். அதையும் பொய் என்று ஒரே போடாகப் போட எனக்கு வாய் வரவில்லை. இந்த ஏழு வருஷத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டார்கள். கூடவே இருந்தவள் நான். நான் சொல்வதையும் கேட்டு வையுங்கள்.

எங்களுடையது உடையார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நஞ்சை, மீதியெல்லாம் செம்மண்ணில் முந்திரிக்காடு. சைவப் பிள்ளைமார் வீடு. எங்கள் மாமியார் சம்பூர்ணம் அம்மாள் முட்டை என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லமாட்டார். 'அந்த வெள்ளைக்காய்' என்பார். மூத்த மகன் சிவசுப்பிரமணியனுக்கு ஜெகதாம்பாள், இளையவருக்கு நான். எனக்குப் பிள்ளை தங்கவில்லை என்று மாமியார் குத்திக்காட்டும்போதெல்லாம் குறுக்கே விழுந்து எனக்காகப் பேசியவள் அக்கா. அவளிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் புகையிலை. சாப்பிடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் இடது கடைவாயில் ஓர் உருண்டை அடங்கியிருக்கும். தூங்கும்போதும் இருக்கும்.

அந்த இடத்தில்தான் புண் வந்தது. மாசிக்காய் இழைத்துப் போட்டோம். நாட்டு வைத்தியர் கொடுத்த தைலம் தடவினோம். ஆறவில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் அரியலூரில் ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புற்று என்றார்கள். ரேடியம் ஊசிகளைக் கன்னத்துக்குள் குத்தி ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து எடுக்க வேண்டும், ஊசி கொஞ்சம்தான் இருக்கிறது, முறை வரும்வரை காத்திருங்கள் என்றார்கள். மூத்தவர் எழும்பூர்ப் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்கிக்கொண்டார். நான் அக்காவின் கட்டிலடியில் பாயை விரித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் அற்புதம்மாள் இருந்தாள். ஏலாக்குறிச்சி கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானமுத்துவின் மனைவி. அக்காவுக்கு இடது கன்னம், அவளுக்கு வலது கன்னம். "ரெண்டு பேரையும் வெட்டி ஒட்ட வெச்சா ஒரு நல்ல மூஞ்சி தேறும்" என்று வந்த அன்றே சொன்னாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. சாவோடு என்ன விளையாட்டு என்றிருந்தது. ஆனால் அக்கா சிரித்தாள். வாயைத் திறக்க முடியாமல் மூக்கால் சிரித்தாள். புண் வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இருவருக்கும் கஞ்சிதான் ஆகாரம். அதனால் மத்தியான வேளையில் இருவரும் வாயாலேயே சமைப்பார்கள். அக்கா எள்ளுப்பொடி வறுப்பாள், வத்தக்குழம்பு கொதிக்கவைப்பாள். வாத்தியாரம்மாவுக்கு எப்போதும் ஒரே குழம்புதான், கருவாட்டுக் குழம்பு. வாளைக் கருவாட்டை வெந்நீரில் அலசுவது, மொச்சையை முன்னாடியே ஊறப்போடுவது, கத்தரிக்காய் வெந்து கொண்டிருக்கும்போது கருவாட்டைச் சட்டியில் சேர்ப்பது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். அக்கா முதலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்தாள். பிறகு புளி எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தாள். "நிறைய. புளி பத்தலைன்னா அது கருவாடே இல்லை" என்பாள் வாத்தியாரம்மா. பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிட்ட ஒருத்திக்குக் கருவாட்டுக் குழம்பு மனப்பாடம் ஆகிவிட்டது.

பங்குனி பாதியில் வாத்தியாரம்மாவின் முறை வந்தது. திங்கட்கிழமை ஊசி வைத்தால் அடுத்த திங்கட்கிழமை எடுப்பார்கள். இடையில் வருகிற ஞாயிறு அவர்களுடைய பாஸ்குத் திருநாள், அவர்கள் சாமி உயிர்த்தெழுந்த நாள். சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை அவர்கள் நன்மை என்கிறார்கள். பாஸ்குக்கு நன்மை வாங்காமல் விடுவது பெரிய பாவமாம். வாயில் ஊசியோடு அதை வாங்க முடியாது.

"சின்னப் புள்ளையிலேர்ந்து ஒரு பாஸ்கு தப்பினதில்லை. நாக்கு என்னோடதா இருக்கையிலேயே இன்னும் ஒரு தடவை வாங்கிக்கிறேன். இந்த வாரம் நீ முந்திக்க ஜெகதா" என்றாள்.

வாத்தியார் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று எல்லாருமே நினைத்தோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. எங்கள் ஆளுக்கு முதலில் ஆகிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

பாஸ்கு அன்று வாத்தியாரம்மா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் கோயிலுக்குப் போய் வந்தாள். முகம் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது. மறுநாள் அக்காவின் வாயிலிருந்து ஊசிகளை எடுத்தார்கள். அதற்குள் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டுவிட்டான், விசாகப்பட்டினத்தில் போட்டுவிட்டான், அடுத்தது மெட்ராஸ்தான் என்று பட்டணமே கதிகலங்கிவிட்டது. நடக்கக்கூடியவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விடுங்கள், நிலைமை சரியானதும் வாருங்கள் என்றார்கள். ரேடியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாயிற்று என்று பேசிக்கொண்டார்கள். வாத்தியாரம்மாவின் முறை அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது.

ரயிலில் ஜன்னல் வழியாக ஏறினோம். வாத்தியாரம்மா மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டு அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவின் வாய் வெந்து கிடந்தது. ஒரு சொல் பேச முடியாது. அரியலூரில் இறங்கி இரண்டு மாட்டுவண்டிகளும் இரண்டு திசைக்குத் திரும்பும்போது வாத்தியாரம்மா எட்டிப் பார்த்து, "உப்பு தெரிஞ்ச அன்னிக்கு எனக்குச் சொல்லி அனுப்பு" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வந்த பிறகு பட்ட பாட்டை விலாவாரியாகச் சொல்லி யாரையும் அழவைக்க எனக்கு விருப்பமில்லை. வாயின் உட்தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்தது. எச்சில் அடியோடு வற்றிவிட்டது. எது கொடுத்தாலும் மண் என்பாள். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி வடிகட்டி என் கைதான் நோகும்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் முந்திரிக்காட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. இறுகிப்போன தாடை அதுவரைக்கும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறந்ததில்லை. அன்று முழுக் கொட்டாவி. கண்ணில் தண்ணீர் வர, காதோரம் சொடுக்குச் சத்தம் கேட்க விட்டாள். விட்டுவிட்டு, பார்த்தியா பார்த்தியா என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒரு கொட்டாவிக்கு இத்தனை பூரித்துப்போகிற ஆளை நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு வராத கொட்டாவியையும் வரவழைத்து விட்டுப் பார்ப்பாள். பார்க்கிற எனக்கும் வந்துவிடும். மாறி மாறி விடுவோம். ரெண்டுக்கும் சனியன் பிடித்திருக்கிறது என்று மாமியார் முணுமுணுப்பார்.

நாவல்பழம் வந்தது. பழத்தில் ருசி தெரியவில்லை, ஆனால் கொட்டையைத் துப்ப முடிந்தது. கன்னம் கோணியிருந்ததால் கொட்டை நேரே போகாமல் பக்கவாட்டில் பறந்து மாமியார் காயவைத்திருந்த வடகத்தில் விழுந்தது. அக்கா ஓடி ஒளிந்து, கதவிடுக்கில் நின்று சிரித்தாள். நாற்பது வயதுப் பெண்பிள்ளை. பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "இதை வாத்தியாரம்மாகிட்ட..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரு சின்னச் சந்தோஷம் வரும். வந்த கையோடு இன்னொருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். பாயில் பாதி இடம் விட்டுத்தான் அக்கா உட்காருவாள். கஞ்சியில் முதல் கரண்டியைத் தனியாக எடுத்து வைப்பாள். ஒருநாள் கால் இடறியபோது 'முருகா' என்பதற்குப் பதிலாக 'சேசுவே' என்றாள். சொன்னது அவளுக்கே தெரியவில்லை. 

ஆடி பிறந்து சில நாளில் மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். உப்பு என்றாள். குறைவா என்று கேட்டேன். "இல்லைடி. இருக்கு. உப்பு இருக்கு" என்றாள். டம்ளரை என் வாயில் வைத்துக் குடிக்கச் சொன்னாள். அது வெறும் மோர்தான். ஆனால் அன்றைக்கு அந்த உப்பு எனக்கும் புதிதாகத்தான் இருந்தது. நாளைக்கே ஏலாக்குறிச்சிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் சாந்தா. போனவன் வந்து அவ இல்லைன்னு சொன்னா, இந்த உப்பை நான் எப்படி முழுங்குவேன்? என் வாயில வெச்ச ஊசி அவளுக்கு வந்ததுடி."

நான் எவ்வளவோ சொன்னேன். நீயா பிடுங்கினாய், அவளாகத்தானே கொடுத்தாள் என்றேன். காதில் வாங்கவில்லை. ஆள் போகவில்லை.

ஆவணியில்தான் அந்தக் காரியம் நடந்தது. எங்கள் தெருவுக்குள் கருவாட்டுக்காரி வரமாட்டாள். கொல்லைப்புறச் சந்து வழியாகக் கூடையோடு போவாள். அன்று காற்று இந்தப் பக்கம் அடித்தது. நானும் அக்காவும் கொல்லையில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். நான் மூக்கைப் பொத்தினேன். அக்கா நிமிர்ந்து நின்றாள். அவள் தொண்டை அசைந்தது. விரலை வாய்க்குள் விட்டு எடுத்துப் பார்த்தாள். விரல் நனைந்திருந்தது. பங்குனியிலிருந்து வற்றிக் கிடந்த வாயில் எச்சில் ஊறிவிட்டது. அதுவும் கருவாட்டு வாசனைக்கு.

முகத்தில் சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். அது பயமாக மாறியதையும் பார்த்தேன். "அவ போயிட்டாடி. போயி என் வாய்க்குள்ள வந்துட்டா" என்றாள்.

நான் சந்துக்கு ஓடிக் கருவாட்டுக்காரியை நிறுத்தி எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரித்தேன். ஏலாக்குறிச்சிக்கு அடுத்தாற்போல் திருமானூர்ப் பக்கம் என்றாள். ஏலாக்குறிச்சியில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். போன வாரம் அந்தக் கோயிலில் துக்கமணி அடித்தார்கள், ரொம்ப நாளாகப் படுத்திருந்த ஒரு பொம்பளையாம் என்றாள். பேர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் வந்து நின்ற அக்கா என் கையை இழுத்தாள். பேரைக் கேட்காமலே உள்ளே வந்துவிட்டோம். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு பேரைக் கேட்க எத்தனை நேரம் ஆகும்.

அதன்பிறகு வீட்டில் ஐந்து பேரோடு ஆறாவதாக ஒருத்தி இருந்தாள். எந்த ருசி திரும்பி வந்தாலும் அது தன்னுடையது இல்லை, அவளுடையது என்பாள் அக்கா. புளிப்பு வந்தது, கருப்பட்டியின் இனிப்பு வந்தது, முந்திரிக்கொட்டை சுடுகிற வாசனைகூட வந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கண் மலரும். அடுத்த கணம் யாரோ கையைத் தட்டிவிட்டது போல் கீழே வைத்துவிடுவாள். உடம்பு தேறிக்கொண்டு வந்தது, ஆள் தேயத் தொடங்கினாள். வேப்பிலை அடிக்கிறவனைக் கூப்பிட வேண்டும் என்று மாமியார் பேச்செடுத்தார். அவன் வந்தால் தலைமயிரைப் பிடித்துச் சுற்றுவான், கன்னத்தில் அறைவான். வெந்து ஆறிய அந்தக் கன்னம் என்னத்துக்கு ஆகும் என்று எனக்குக் கலக்கமாகிவிட்டது.

அவன் வருவதற்கு முன்னால் நாங்களே முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். செத்தவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்துவிட்டால் சாந்தியாகிப் போய்விடுவாள், அவ்வளவுதானே. புரட்டாசி மகாளய அமாவாசையன்று வீட்டில் முறைப்படி எல்லாம் முடிந்த பிறகு, முந்திரிக்காட்டுக் காவலுக்கு இருந்த சிந்தாமணியின் குடிசைக்குப் போனோம். புரட்டாசியில் கருவாடா என்று சிந்தாமணியே தயங்கினாள். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கருவாட்டை வெந்நீரில் அலசு, மொச்சையை முன்னாடி போடு, புளி நிறையக் கரை. கருவாட்டைக் கையால் தொட்டறியாதவள் அப்படிச் சொன்னதைக் கேட்டு சிந்தாமணி குடிசை மூலைக்கு ஒதுங்கிக்கொண்டாள்.

இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்து, கற்பூரம் காட்டினோம். காக்கை உடனே வந்தது. பயந்துபோன எனக்கு அப்பாடா என்றிருந்தது. படைத்தவர்கள் ஒரு வாய் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் அது ஏற்காது என்றாள் சிந்தாமணி. அக்கா இலையில் கை வைத்தாள். வாயில் எச்சில் ஊறியது எனக்கே தெரிந்தது. ஆனால் கை மேலே வரவில்லை. எத்தனை தலைமுறைச் சைவம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்துவிட்டாள். சிந்தாமணி வீட்டார் சாப்பிட்டார்கள்.

வாத்தியாரம்மா போகவில்லை. கனவில் வந்து அடுப்படியில் உட்கார்ந்து, வெறும் இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் என்றாள் அக்கா. கல்லறைக்கே போய் விழுந்து மன்னிப்புக் கேட்டால்தான் உண்டு என்றாள். ஐப்பசியில் அவர்களுக்குக் கல்லறைத் திருநாள் வருகிறது. செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். திருமழபாடி வைத்தியநாத சுவாமிக்கு வேண்டுதல் இருக்கிறது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, சிந்தாமணியின் புருஷன் வண்டி ஓட்ட, நாங்கள் இருவரும் புறப்பட்டோம். அரியலூரில் மெழுகுவத்தியும் ஒரு சம்பங்கி மாலையும் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டோம். வழியெல்லாம் மழைச்சேறு. 

ஏலாக்குறிச்சிக் கல்லறைத் தோட்டத்தில் அன்று கூட்டம். மேடுகளுக்கெல்லாம் பூ. ஈரக்காற்றில் மெழுகுவத்தி அணைய அணையக் கையை மறைத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதால் சிலுவைகளில் எழுதியிருந்த பேர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனேன். புது மேடுகள் நாலைந்துதான் இருந்தன. ஒன்றிலும் அற்புதம்மாள் பேர் இல்லை. பேர் எழுதாத மேடு ஒன்று இருந்தது. அக்கா அதன் முன்னால் நின்றுவிட்டாள். மாலையை வெளியே எடுத்தாள்.

"யாரைத் தேடுறீங்க?" என்று பின்னால் குரல் கேட்டது. வாத்தியார் ஞானமுத்து. பிடித்த குடையோடு, தன் தாயார் கல்லறைக்கு வந்திருக்கிறார்.  நான்தான், வாத்தியாரம்மா கல்லறை எது என்று கேட்டேன்.

அவர் மாலையைப் பார்த்தார். அக்காவின் கன்னத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். "அவ இன்னும் வூட்டுலதாம்மா இருக்கா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார்.

அந்த 'இன்னும்' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. அக்கா அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்த எனக்கும் அவருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. போகும் வழியில் அவரே சொன்னார். ஆடியில் திருச்சிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். கழுத்துக்கு இறங்கிவிட்டது, இனி மெட்ராஸ் போயும் பிரயோசனமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பாலை மட்டும் துணித்திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறோம் என்றார்.

வாசலுக்குள் நுழைந்தபோதே கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது. மகள் லீலா மேரி அடுப்படியில் இருந்தாள். வாத்தியாரம்மா சுவரோரம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தில் பாதியைத் துணி மூடியிருந்தது. மீதிப் பாதி எலும்பு. கண் மட்டும் பழைய கண். பேச்சு குழறியது, ஆஸ்பத்திரியில் பழகிய காதுக்குப் புரிந்தது. அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலை கையிலேயே இருந்தது. ஒளித்து வைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"யாருக்கு ஜெகதா மாலை?" என்றாள் வாத்தியாரம்மா.

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். கருவாட்டு வாசனைக்கு எச்சில் ஊறியது, துக்கமணி, முந்திரிக்காடு, காக்கை, வெறும் மேட்டின் முன் நின்றது என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். லீலா மேரி கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். வாத்தியார் வெளியே போய்விட்டார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"எனக்குப் படையல் போட்டாச்சா?" வாத்தியாரம்மாவின் தோள் குலுங்கியது. வலியில் துடிக்கிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "கருவாட்டுக் குழம்புதானே வெச்ச? புளி பத்துச்சா?"

"தெரியாது. நான் வாயில வைக்கலை."

"அப்புறம் எனக்கு எப்படி வந்து சேரும்" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அக்கா அவள் காலடியில் உட்கார்ந்து, உன் முறையை நான் எடுத்துக்கொண்டேன் என்று ஆரம்பித்தாள். வாத்தியாரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எடுக்கலை, நான் கொடுத்தேன். ஏன் கொடுத்தோம்னு எத்தனையோ நாள் அழுதிருக்கேன், அதையும் மறைக்கலை. கொடுத்ததும் நான், அழுததும் நான். உனக்கு அதுல பங்கு கிடையாது." பிறகு, "உப்பு எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

"ஆடியில."

"ஆடியிலயா?" அந்தக் கண் அக்காவின் மேலேயே நின்றது. "சொல்லி அனுப்பலையே ஜெகதா. தினம் வாசலைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். உனக்கும் ஆறலை போலன்னு நினைச்சேன். எனக்கும் இல்லை, உனக்கும் இல்லைன்னா, அந்த ஊசி யாருக்குத்தான் போச்சுன்னு நினைச்சேன்."

அக்கா அழுவதை நிறுத்திவிட்டாள். அழுது தீர்க்கிற விஷயம் இல்லை அது. முறையை வாங்கிக்கொண்டது குற்றமில்லை. உப்பு தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததுதான் குற்றம். பயந்துகொண்டு நாங்கள் அங்கே செத்தவளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது, இங்கே ஒருத்தி உயிரோடு ஒரு சொல்லுக்குக் காத்துக் கிடந்திருக்கிறாள்.

வாத்தியாரம்மா மகளைக் கூப்பிட்டுத் தட்டு போடச் சொன்னாள். லீலா மேரி எங்களைப் பார்த்துத் தயங்கினாள். அவங்க சைவம்மா என்றாள். "போடு" என்றாள் அவள்.

சோறு வந்தது. மொச்சையும் கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு வந்தது. எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அக்கா கட்டிலுக்கு நேரே, அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். பிசைந்தாள். கை மேலே வந்தது. வலது பக்கமாக மெதுவாக மென்றாள். கோணிய கன்னம் மேலும் கீழும் ஏறி இறங்கியது. வாயெல்லாம் எச்சில் ஊறி, உதட்டோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சொல்லு" என்றாள் வாத்தியாரம்மா.

அக்கா சொன்னாள். முதலில் உப்பு வருகிறது, அப்புறம் புளி, புளிக்குப் பின்னால் கத்தரிக்காய் கரைகிறது, கருவாடு நாரு நாராகப் பிரிகிறது, மொச்சைக்குள் குழம்பு ஏறியிருக்கிறது என்று, ஆஸ்பத்திரியில் வாத்தியாரம்மா சொல்லிக்கொடுத்ததை அவளுக்கே திருப்பிச் சொன்னாள். கவளம் அக்காவின் வாய்க்குள் போகும்போதெல்லாம் வாத்தியாரம்மாவின் உதடு பிரிந்தது. அக்கா விழுங்கும்போது கட்டிலில் கிடந்தவளின் தொண்டையும் ஏறி இறங்கியது. அந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் சாப்பிட்டது ஒருத்தி இல்லை.

அந்த வருஷம் மார்கழிக்கு முன்னாலேயே வாத்தியாரம்மா போய்விட்டாள். இந்தத் தடவை ஆள் வந்து பேரோடு சொன்னான். அக்கா படையல் போடவில்லை, கனவும் கண்டதில்லை. ஐப்பசிக்கு ஐப்பசி ஏலாக்குறிச்சிக்குப் போய் லீலா மேரி கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். மாமியார் இன்றுவரை திருமழபாடி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் சாப்பிடும்போதும் அக்கா, எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் ஒவ்வொரு வாய்க்கும் ருசியை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவாள். அதைப் பார்த்துத்தான் பேய் என்கிறார்கள்.

எனக்கு அன்றைக்குக் கேட்ட குரல்தான் இப்போதும் காதில் இருக்கிறது. தட்டில் சோறு தீர்ந்துவிட்டது. அக்கா கையைக் கழுவ எழுந்தாள். கட்டிலில் இருந்தவள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க ஜெகதா. எனக்குப் பசி அடங்கலை" என்றாள்.